இரண்டு அடித் தண்ணீர்

1963ஆம் ஆண்டு ஆனி மாதம் பதினோராம் திகதி, செவ்வாய்க்கிழமை காலை, உடுவிலுக்கு வடக்கே பாலேஸ்வரியின் வெங்காயத் தோட்டத்துக்கு யாரும் இறைக்காமலே தண்ணீர் வந்தது. இறைப்பு மிசின் மண்ணெண்ணெய் இல்லாமல் கிடந்தது. அதை வாங்கக் கணவர் சீவரத்தினம் யாழ்ப்பாணம் போயிருந்தார். மிசின் தண்ணீர் என்றால் ஒரே ஓட்டமாக ஓடும். இதுவோ கிணற்றில் இறைக்கிற ஓலைப் பட்டையில் அள்ளி ஊற்றியதுபோல ஒரு பாய்ச்சல், கொஞ்சம் ஓய்வு, திரும்ப ஒரு பாய்ச்சல் என்று வந்தது. பாலேஸ்வரி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு இடைவெளியை எண்ணிப் பார்த்தாள். போக ஏழு அடி, வர ஏழு அடி. அந்தக் கணக்கில் நடக்கிறவர் உலகத்தில் ஒருவர்தான், அவளுடைய தமையன் தம்பிஐயா. அவரை எட்டுக் கட்டை தொலைவில் கொண்டுபோய் விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது.

தம்பிஐயாவுக்குக் கதை வராது. எதைக் கேட்டாலும் கேள்வியின் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்வார், அவ்வளவுதான். பதின்மூன்று வயதில் அவரைத் துலாவில் ஏற்றிவிட்டார்கள். கிணற்றுக்கு மேலே கிடக்கும் அந்த நெடிய மரத்தில் ஆள் முன்னும் பின்னும் நடந்தால்தான் பட்டை இறங்கும், ஏறும். மற்றவர்களுக்கு அது இடுப்பு முறிகிற வேலை; அவருக்கு அதுதான் சீவியம். இருபது வருடம் ஓரடி பிசகவில்லை. அந்த நாளில் அவரைக் குறை உள்ளவர் என்று யாரும் சொன்னதில்லை. 1962இல் மிசின் வந்தது. நல்ல சாமான், அதைப் பழி சொல்ல ஒன்றுமில்லை. துலாவை அறுத்து மாட்டுக்கொட்டிலுக்குக் கூரை வளை போட்டார்கள். தம்பிஐயா நடக்க இடம் தேடி றோட்டுக்குப் போனார். வருகிற பஸ்ஸுக்கு முன்னால் ஏழு அடி போய் ஏழு அடி வந்தார். பெண் பிள்ளைகள் இரண்டு வளருகிற வீடு என்று சீவரத்தினத்தின் ஆட்கள் கதைக்கத் தொடங்கினார்கள். சீவரத்தினம் கெட்டவர் அல்ல. புது வேட்டி வாங்கிக் கொடுத்து, தானே கூட்டிக்கொண்டு போய், வட்டுக்கோட்டைக்கு அப்பால் பழைய சுருட்டுக் கொட்டில் ஒன்றில் நடந்த ஆதரவு இல்லத்தில் விட்டார்.

தண்ணீர் வந்த கிழமையே சீவரத்தினம் மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே மண்டபத்தில் தம்பிஐயா நடக்கத் தொடங்குகிற நிமிடமும் இங்கே வாய்க்கால் நனைகிற நிமிடமும் ஒன்றுதான். ஊரில் ஒரு மாதம் கதை அடிபட்டது. பிறகு, பாலேஸ்வரிக்குத் தமையன் இறைக்கிறார் என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். மூன்று வருடம் பதினெட்டுப் பாத்தியும் குறைவில்லாமல் பாய்ந்தது. கடைசிப் பாத்தி நனைந்தால் அண்ணை சுகம் என்று அர்த்தம். அவளுக்குக் கடிதம் தேவைப்படவில்லை.

1966 மாசியில் ஒரு காலை தண்ணீர் இரண்டாம் பாத்தியோடு நின்றது. எண்ணினாள். போக இரண்டு அடி, வர இரண்டு அடி. கயிற்றின் நீளம் அவளுக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. எள்ளுருண்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

“அண்ணையைக் கட்டி வைச்சிருக்கிறியள், ஐயா.”

“ஆர் உமக்குச் சொன்னது, தங்கச்சி?” என்று கேட்டார் மேற்பார்வையாளர் செல்வரட்ணம்.

“தண்ணி.”

அவர் சிரிக்கவில்லை, விஷயம் அவருக்கும் தெரியும். “நாப்பத்திரண்டு பேருக்கு ரெண்டு ஆளை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்ய? படலை திறந்தால் உவர் கடலுக்கை இறங்கிப் போடுவார். தண்ணி சொன்னதெண்டு நான் புத்தகத்திலை எழுதேலாது. வேணுமெண்டால் அவரையே கேளும்.”

தம்பிஐயாவைச் சலவைச் சட்டையில் கதிரையில் இருத்தியிருந்தார்கள்.

“அண்ணை, உங்களைக் கட்டுறவையோ?”

“கட்டுறவையோ.”

“நோகுதோ?”

“நோகுதோ.”

செல்வரட்ணம் கையை விரித்தார். தம்பிஐயாவின் கால்களில் வெள்ளைக் காலுறை போட்டிருந்தது. அதை இறக்கிப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. அதற்காக அவள் தன்னை ஒருநாளும் மன்னிக்கவில்லை.

இல்லங்களுக்குப் பொறுப்பான அரசாங்கக் கந்தோருக்கு மனு எழுதினாள். ஒன்றுக்கு ஒன்பது மனு போன பிறகு, 1967 ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, தண்ணீர் திடீரென்று பதினெட்டாம் பாத்தி வரைக்கும் பாய்ந்தது. “பார்த்தீரோ, அவிழ்த்து விட்டிட்டினம்,” என்று சீவரத்தினம் சந்தோசப்பட்டார். பாலேஸ்வரி வரம்பில் குந்தியிருந்து அழுதாள். பார்வையிடக் கந்தோர் ஐயாமார் வந்திருக்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. வெள்ளி காலை தண்ணீர் திரும்பவும் இரண்டாம் பாத்தியில் நின்றது. ஒரு குறையும் இல்லை என்று அறிக்கை வந்தது. அதற்குப் பிறகு வருடத்தில் ஒருநாள் கடைசிப் பாத்தி நனையும். அந்த ஒரு நாளைத்தான் அவள் வெறுத்தாள். வீட்டுக்குக் கூட்டி வருவோம் என்று கேட்டபோதெல்லாம், பிள்ளைகளின் கலியாணம் முடியட்டும் என்று சீவரத்தினம் சொன்னார். அதுவும் பொய்க் காரணம் அல்ல.

1977இல் இளையவளின் கலியாணம் முடிந்த மறுகிழமை அவரே கார் பிடித்துக்கொண்டு போய்த் தம்பிஐயாவைக் கூட்டி வந்தார். தலை நரைத்திருந்தது. கிணற்றடியில் இறக்கிவிட்டார்கள். தம்பிஐயா இரண்டு அடி நடந்தார், நின்றார், திரும்பினார். எதிரே தோட்டம் முழுக்கத் திறந்து கிடந்தது. பாலேஸ்வரி கையைப் பிடித்து மூன்றாம் அடிக்கு இழுத்தபோது காலை அறுத்ததுபோலக் கத்தினார். வாய்க்காலில் தண்ணீர் இரண்டாம் பாத்தி வரைக்கும் போய் நின்றது.

பின்னேரம் அவர் கிணற்றுக்கட்டில் இருந்து வலது காலைத் தூக்கி அவளிடம் நீட்டினார். கனநேரம் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு குனிந்து, கணுக்காலில் இல்லாத முடிச்சை அவிழ்த்தாள். அவர் எழும்பி நேராக வீட்டுக்குள் போய்ச் சோறு தின்றார். விடிந்ததும் பாயில் இருந்தபடியே திரும்பவும் காலை நீட்டினார். கட்டாமல் விட்டுப் பார்த்தாள். மத்தியானம் வரைக்கும் எழும்பவுமில்லை, தண்ணீர் குடிக்கவுமில்லை. கடைசியில் கிணற்றடிக்குக் கூட்டிவந்து, இல்லாத கயிற்றை அவளே தன் கையால் கட்டினாள். அன்றிலிருந்து காலையில் கட்டுகிறாள், பின்னேரம் அவிழ்க்கிறாள்.

இரண்டு பாத்தியில் வெங்காயம் தம்பிஐயாவின் தண்ணீரில் நிற்கிறது, மிச்சத்துக்கு மிசின். தண்ணீர் அள்ள வருகிறவர்கள் அந்த இடத்தில் காலைத் தூக்கிக் கடந்து போகிறார்கள். கலியாணத்தோடு வெளியூருக்கு வேலைக்குப் போய், 1981இல் முதன்முறை கிணற்றடிக்கு வந்த இளைய மருமகன் தடக்கி விழுந்து முழங்காலைக் காயப்படுத்திக்கொண்டார்.

“உதிலை கயிறு கிடக்குது, தம்பி,” என்றாள் பாலேஸ்வரி, “பாத்து வாங்கோ.”