நாற்பத்தொரு சிவப்பு அட்டைகள்

அந்த மென்பொருள் அணியில் எல்லாருக்கும் காட்டுவதற்கு ஒரு வேலை இருந்தது. சித்தப்பா என்று எல்லாரும் கூப்பிடும் நரைத்தாடி நிரலாளர் நிரல் எழுதினார். குண்டூசி என்று பெயரெடுத்த சோதனையாளர் அதில் குத்திக் குத்திப் பிழை கண்டுபிடித்தாள். ஸ்க்ரம் மாஸ்டருக்கு மட்டும் அப்படி எதுவும் இல்லை. தினமும் காலையில் பலகை முன்னால் நின்றபடியே கூட்டம் நடக்கும். யாருக்காவது வேலையில் தடை இருந்தால் சிவப்பு அட்டையில் எழுதி ஒட்டுவார்கள். அதை நீக்கிக் கொடுப்பதுதான் அவர் வேலை. எந்தப் பூட்டையும் திறந்துவிடுவார் என்பதால் அவருக்குச் சாவி அண்ணன் என்று பெயர்.

தடையே இல்லாவிட்டால்? கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அப்படி நின்றது மேலாளர் கண்ணில் பட்டுத் தொலைத்தது. இந்தப் பதவி தேவையா என்று இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை முடிவெடுப்பதாகச் சொல்லிவிட்டார்.

குண்டூசி பழைய நாட்களை நினைத்துப் பார்த்தாள். சாவி அண்ணன் வருவதற்கு முன் மேலாளர் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, “எவ்வளவு முடிஞ்சது?” என்பார். இவர் வந்த பிறகு அது நின்றுபோனது. எப்படி நின்றது என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

“தடை இல்லன்னா நாமளே உண்டாக்குவோம், சித்தப்பா,” என்றாள். ஓய்வுபெற்ற மாமனார் வீட்டைத் தலைகீழாக்காமல் இருக்க, நன்றாக மூடும் ஜன்னலை மூடவில்லை என்று சொல்லி அவர் கையில் திருப்புளியைக் கொடுத்துப் பழகியவள் அவள். இதெல்லாம் அவளுக்குக் கைவந்த கலை.

மறுநாளே பலகையில் சிவப்பு பூத்தது. ஏசி நேராக உச்சந்தலையில் அடிக்கிறது. கூட்ட அறைச் சாவியைக் காணவில்லை. கீழ்த்தளத்தில் யாரோ மேசையை இழுக்கிறார்கள். குண்டூசியின் நாற்காலி கிறீச்சிடுகிறது. எல்லாம் பச்சைப் பொய். சாவி அண்ணனோ ஒவ்வொன்றுக்கும் ஓடினார். லிஃப்ட் வேலை செய்யாத அன்று, நான்காவது மாடியிலிருந்து வேறொரு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “இப்ப சத்தம் வருதாம்மா?” என்று கேட்டார். அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் அடுத்த அட்டையை எழுதினாள்.

வெள்ளிக்கிழமை மேலாளர் பலகை முன் நின்று அட்டைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

“இவர் வர்றதுக்கு முன்னாடி மாசத்துக்கு மூணு தடை. இப்ப ரெண்டே வாரத்துல நாப்பத்தொண்ணு,” என்று சாவி அண்ணன் பக்கம் திரும்பினார். “தடையே நீங்கதான் போலிருக்கே.”

சித்தப்பா தாடியைத் தடவினார். உதவி செய்யப்போய் அந்த மனிதர் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று குண்டூசிக்கு உடம்பெல்லாம் கூசியது.

“அத்தனையும் பொய், சார். நாங்கதான் எழுதினோம்.”

“எதுக்கு?”

“இவர் போயிட்டா நீங்க திரும்ப எங்க சீட்டுக்கு வந்து நிப்பீங்க. அதான்.”

மேலாளரின் முகம் செத்துவிட்டது. சாவி அண்ணனோ குண்டூசியைத்தான் பார்த்தார். “நாற்காலியுமா?” என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அப்ப நிஜமா இவர் நீக்கின தடை ஒண்ணுகூடக் கிடையாது. அப்படித்தானே?” என்றார் மேலாளர்.

“ஒண்ணு இருக்கு, சார்,” என்றார் சாவி அண்ணன். “அதைப் பலகையில ஒட்ட முடியல.”

“என்ன அது?”

“தினமும் பதினோரு மணிக்கு உங்க ரூமுக்கு வந்து டீ குடிக்கிறேன்ல. நீங்க மாடித் தோட்டத்தப் பத்திச் சொல்வீங்க. நான் கேட்டுட்டே இருப்பேன். மதியச் சாப்பாடு வரைக்கும் நீங்க வெளிய வர மாட்டீங்க. சாயங்காலமும் அதே மாதிரிதான்.”

குண்டூசிக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. மேலாளர் பலகையிலிருந்து சிவப்பு அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்கினார். முடித்ததும் அவற்றைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுக் கதவுவரை போனார்.

அங்கே நின்று, திரும்பாமலே கேட்டார்.

“திங்கக்கிழமையும் வருவீங்கல்ல?”