ரோஸி வீட்டு அடைகோழி

கீழ்க்கட்டளை சுதர்சன் நகரில் மார்பளவு வெள்ளம் நின்ற அந்தக் கார்த்திகையில், நான்காவது குறுக்குத் தெருவின் கடைசி வீட்டுக்குள் மட்டும் தண்ணீர் வரவில்லை. அங்கே ரோஸியின் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வெள்ளம் இரும்பு கேட்டு வரைக்கும் வந்தது. அதற்குமேல் ஓர் அங்குலம் நகராமல் செங்குத்தாக நின்றுவிட்டது. காம்பவுண்டுச் சுவர் முழங்கால் உயரம்தான். அதற்கு மேலே இருந்ததெல்லாம் வெறும் தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள் கெளுத்தி மீன்கள் போய்வந்தன, யாருடைய ஸ்கூட்டரோ படுத்துக் கிடந்தது. குடியிருப்போர் நலச்சங்கம் பூங்கா வாசலில் நட்டிருந்த, ‘ஆடு, மாடு, கோழி வளர்க்க அனுமதி இல்லை’ என்ற பலகை மிதந்துவந்து, கேட்டுப் பக்கம் சற்று நேரம் முகத்தைக் காட்டிவிட்டுப் போனது. உள்ளே வாசற்படி காய்ந்திருந்தது.

அந்தப் பலகையை எழுதவைத்தவர் சங்கத்தின் செயலாளர் தோத்தாத்ரி. ஏதோ ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் காலமெல்லாம் மற்றவர்களின் விண்ணப்பங்களைத் தள்ளுபடி செய்து ஓய்வு பெற்றவர். விதி என்று ஒன்றை எழுதிவிட்டால் பெருமாளே வந்து நின்றாலும் தளர்த்த மாட்டார் என்று பெயர் வாங்கியிருந்தார். அந்தப் பெயரில் அவருக்குப் பெருமையும் உண்டு. ரோஸி வீடு நகர் உருவாவதற்கு முன்பே அங்கே இருந்த வீடு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பின்பக்கம் ஒரு முருங்கை, நாலைந்து கோழிகள். “சங்கம் வர்றதுக்கு மின்னாடியே எங்க வூடு இங்கதான் கீது சார்” என்று அவள் சொல்வாள். “வீடு இருக்கட்டும்மா, கோழி இருக்கக் கூடாது” என்று இவர் சொல்வார். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. மற்ற கோழிகளை ஒவ்வொன்றாகக் கோவிலம்பாக்கத்து அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். கடைசியாக மிஞ்சியது சாம்பல் நிறப் பெட்டை ஒன்றுதான்.

அதையும் அப்புறப்படுத்தக் கெடு வைத்த நாளில் தோத்தாத்ரி நேரிலேயே போய்ப் பார்த்தார். கோழி ஒரு மூங்கில் கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி உட்கார்ந்திருந்தது. அடியில் ஒற்றைப்படையாக எண்ணி வைத்த முட்டைகள். ஓரத்தில் ஒரு துருப்பிடித்த பூட்டும் கரித்துண்டும் செருகியிருந்தன. இடி விழுந்தால் முட்டைக்குள் இருக்கும் குஞ்சு செத்துப்போகும், இரும்பும் கரியும் கூட இருந்தால் ஒன்றும் ஆகாது என்று ரோஸி விளக்கினாள். அவர் குனிந்தார். கோழி அவர் விரலில் ஒரு கொத்து கொத்தியது.

“அடைல கீற கோழிய எயுப்பக் கூடாது சார். பாவம் புடிச்சுக்கும். குஞ்சு பொரிச்ச மறுநாளே அக்கா வூட்டுக்குக் கொண்டுபோய் வுட்டுர்றேன்” என்றாள் ரோஸி.

விரலைத் துடைத்துக்கொண்டே, பொரிக்கும் வரை என்று அவகாசம் கொடுத்தார் தோத்தாத்ரி. அவர் வாழ்நாளில் கொடுத்த முதல் அவகாசம் அது. வெளியே வரும்போதே மழை பிடித்துக்கொண்டது.

ஏரி நிரம்பி வழிந்து தண்ணீர் தெருவுக்குள் நுழைந்த காலையில் தோத்தாத்ரி வீட்டிலிருந்து முதலில் வெளியே போனது பெருமாள் பெட்டி. அவருடைய தாத்தாவுக்குத் தாத்தா பூஜித்த சாளக்கிராமங்கள் அதில் இருந்தன: கறுப்பாக, உருண்டையாக, உள்ளங்கையில் அடங்கும் கற்கள். அவற்றை ஒரு நாள்கூட நீராட்டாமல், துளசி சாத்தாமல் அவர் சாப்பிட்டதில்லை. பெட்டியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினவருக்கு, இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலில் கிடக்கும் மனைவி கோமளவல்லியின் நினைவு பாதித் தெரு வந்த பிறகுதான் வந்தது. அவர் திரும்பிப் போவதற்குள் ரோஸியின் கணவன் சவுரிமுத்து அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். மேடான வீடு எது என்று அவன் யோசிக்கவில்லை. தண்ணீர் நுழையாத தன் வீட்டிலேயே கொண்டுபோய் இறக்கினான். தோத்தாத்ரியும் பெட்டியோடு அங்கேயே போய்ச் சேர்ந்தார். பிறகு படகு பிடித்து வருகிறேன் என்று நீந்திப் போனவன் மெயின் ரோட்டிலேயே மாட்டிக்கொண்டான்.

“பெருமாள் சௌக்கியமா இருக்காரோன்னோ?” என்று மட்டும் கேட்டாள் கோமளவல்லி. அவள் கோபமாகக் கேட்டிருந்தால் தோத்தாத்ரிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கோழிக்கும் வெள்ளத்துக்கும் உள்ள சம்பந்தம் அன்று மத்தியானமே தெரிந்துவிட்டது. அடைகோழி நாளுக்கு ஒரு தடவை இரை எடுக்கவும் எச்சம் போடவும் எழுந்திருக்கும். சாம்பல் கோழி கூடையை விட்டு இறங்கியதும் தண்ணீர் கேட்டைத் தாண்டி உள்ளே ஓரடி எடுத்துவைத்தது. கோழி குருணையைக் கொத்தியது, தண்ணீர் துளசிமாடம் இல்லாத அந்த முற்றத்தைக் கடந்தது. கோழி மண்ணில் புரண்டு சிறகை உதறியது, தண்ணீர் வாசற்படியில் ஏறியது. “போதும்டி, போய் குந்து, கண்ணு இல்ல” என்று ரோஸி கெஞ்சினாள். கோழி ஒன்றும் அவசரப்படவில்லை. அது திரும்பிப் போய் முட்டைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகு, தண்ணீரும் வந்த வழியே பின்வாங்கி கேட்டுக்கு வெளியே போய் நின்றது. வாசற்படியில் ஒரு கெளுத்தி மட்டும் துள்ளிக்கொண்டிருந்தது. ரோஸி அதை எடுத்துத் தண்ணீர்ச் சுவருக்குள் தள்ளிவிட்டாள்.

மறுநாள் மீட்புப் படகு ஒன்று வந்தது. கேட்டுக்கு நேரே வந்ததும் படகுக்காரர்கள் குனிந்து கீழே பார்த்தார்கள். திறந்த கதவுக்குள் கட்டிலில் ஒரு மாமி, பக்கத்தில் ஸ்டவ், கொதிக்கும் ரசம். “இங்க எல்லாம் டிரையா கீதே சார், தண்ணில நிக்கிறவங்கள மொதல்ல பாக்கணும்” என்று சொல்லிவிட்டு மேடவாக்கம் பக்கம் திரும்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. விதிப்படிப் பார்த்தால் தோத்தாத்ரியும் அதையேதான் சொல்லியிருப்பார்.

அன்று சாயங்காலம் ரோஸி ஒரு முட்டையைக் காதோரம் வைத்துப் பார்த்தாள். “உள்ள கொத்துது சார்.”

குஞ்சுகள் வெளியே வந்துவிட்டால் தாய்க்கோழி அவற்றைக் கூட்டிக்கொண்டு எழுந்துவிடும். அப்புறம் திரும்பி உட்காராது. வெளியே தண்ணீர் இன்னும் மார்பளவு. ஏற மொட்டைமாடி இல்லை. கோமளவல்லியால் எழுந்து உட்காரக்கூட முடியாது. அவர் கட்டிலின் உயரத்தைப் பார்த்தார், தண்ணீரின் உயரத்தைப் பார்த்தார், அதற்குமேல் பார்க்கத் துணியவில்லை.

முதல் ஓடு உடைந்தது. ரோஸி குஞ்சை ஈரம் காய்வதற்குள் கூடையிலிருந்து எடுத்துவிட்டாள். குஞ்சின் சத்தம் காதில் விழுந்தால் தாய் எழுந்துவிடும். சூடு கிடைத்தால் குஞ்சு கத்தாது. கரண்ட் இல்லாத வீட்டில் சூட்டுக்கு எங்கே போவது? “இங்கே கொடும்மா” என்றாள் கோமளவல்லி. வெங்காயம்கூட வீட்டுக்குள் விடாதவள், ஈரக் குஞ்சை வாங்கித் தன் புடவைத் தலைப்பில் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அது கப்சிப்பென்று அடங்கிவிட்டது. அடுத்தடுத்து வந்தவையும் அங்கேயே போய்ச் சேர்ந்தன.

ஆனால் கூடை காலியாகிக்கொண்டே வந்தது. கோழிக்கு அடியில் எதையாவது வைக்க வேண்டும். ரோஸி எலுமிச்சம்பழம் வைத்துப் பார்த்தாள். கோழி அலகால் உருட்டி வெளியே தள்ளியது. உருளைக்கிழங்கை வைத்தாள்; அதையும் தள்ளியது. “முட்டை கணக்கா கனமா, வழவழன்னு இர்ந்தா குந்தும் சார். கூழாங்கல்லு கூட போதும். எல்லாம் தண்ணிக்கு அடில கீது” என்றாள். கோழி ஒரு காலை ஊன்றி லேசாக எழுந்தது. வெளியே தண்ணீர் கேட்டின் கம்பிகளுக்கு இடையே விரல் விட்டுப் பார்ப்பது தெரிந்தது.

தோத்தாத்ரி அலமாரிமேல் இருந்த பெருமாள் பெட்டியைப் பார்த்தார். கோமளவல்லி அவரைப் பார்த்தாள். எடுங்கோ என்று அவள் வாய்விட்டுக் கேட்க மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். தெருவில் பாதி வழி வந்த பிறகு மனைவி ஞாபகம் வந்த அந்தக் கணம் அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. தண்ணீர் வாசற்படிக்கு வந்துவிட்டது.

பெட்டியைத் திறந்து பட்டுத் துணியைப் பிரித்தார்.

“வேணா சார், அது உங்க சாமி” என்று பதறினாள் ரோஸி.

“சாமிதான். காப்பாத்தத்தானே இத்தனை நாள் வேண்டிண்டிருக்கேன்” என்றார். கற்களை ஒவ்வொன்றாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கோழிக்கு அடியில் செருகினார். கோழி அவர் கையில் ஒவ்வொரு தடவையும் கொத்தியது. அவர் கையை எடுக்கவில்லை. கடைசிக் கல் உள்ளே போனதும் அது அலகால் அவற்றை இப்படியும் அப்படியும் உருட்டிப் பார்த்தது. பிறகு சிறகைத் தாழ்த்தி, உடம்பைப் பரத்தி, கண்ணை மூடிக்கொண்டது. வாசற்படித் தண்ணீர் இறங்கி முற்றத்தைக் கடந்து கேட்டுக்கு வெளியே போனது. தோத்தாத்ரி தரையிலேயே உட்கார்ந்து, சின்னக் குழந்தை மாதிரி அழுதார். கோமளவல்லி ஒரு கையால் குஞ்சுகளைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அவர் தலையில் வைத்தாள்.

வெள்ளம் வடியும் வரை கோழி கற்களின் மேலேயே இருந்தது. அது இரை எடுக்க எழுந்திருக்கும் நேரம்தான் பெருமாளுக்குத் திருமஞ்சன நேரம். முன்பெல்லாம் காலை முழுக்க நடக்கும் பூஜை, இப்போது கோழி கொத்தி முடிப்பதற்குள், கணுக்காலில் தண்ணீர் ஏற ஏற, ஒரே மூச்சில் நடந்து முடிந்தது. துளசிக்குப் பதில் முருங்கை இலை. நைவேத்தியத்தில் கோழிக்கும் ஒரு பங்கு உண்டு. கடைசியில் ஒரு காலை ரோஸி கேட்டைத் திறந்தபோது வெளியே வெறும் சேறும், அதில் நடந்து வந்துகொண்டிருந்த சவுரிமுத்துவும்தான். நின்றுபோயிருந்த விமானங்கள் பல்லாவரம் பக்கமிருந்து மறுபடி தலைக்குமேல் பறக்க ஆரம்பித்தன. கோழி எழுந்து, கோமளவல்லியின் கட்டிலடிக்குப் போய்த் தன் குஞ்சுகளைக் கூப்பிட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் முருங்கையடிக்கு நடந்தது.

சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் கோழி விதியை எடுத்துவிட வேண்டும் என்று தோத்தாத்ரியே எழுந்து சொன்னார். பொருளாளர் தட்சிணாமூர்த்தி ஏன் என்று கேட்டதற்கு, சேவல் கூவினால் வாக்கிங் போகிறவர்களுக்கு நல்லது என்றார். நகரில் அனைவருக்கும் விஷயம் தெரியும். இப்போதும் மழைக்காலம் பிறந்தால் நான்காவது குறுக்குத் தெருக்காரர்கள் தார்பாய் வாங்குவதற்கு முன், ரோஸி வீட்டில் எந்தக் கோழி அடையில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்கிறார்கள்.

சாளக்கிராமங்கள் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அவற்றில் ஏறியிருந்த கோழிச்சூடு குறையவில்லை. வருஷம் நாலு ஆகிறது. மார்கழிக் காலையில் குளிர்ந்த நீரில் நீராட்டினாலும் தீர்த்தம் வெதுவெதுப்பாகத்தான் இறங்குகிறது. சென்ற தை மாதம் ஒரு நாள், இருப்பதிலேயே சின்னக் கல்லைத் துடைக்கும்போது உள்ளேயிருந்து ஏதோ தட்டுவது தோத்தாத்ரியின் விரல்களுக்குத் தெரிந்தது. காதோரம் வைத்துக் கேட்டார். பிறகு, ஊன்றுகோலோடு நடந்துவந்த மனைவியின் காதில் வைத்தார். அவள் வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள்.

“கொத்தறது” என்றாள்.

அன்றிலிருந்து பூஜை அலமாரியில் துளசிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் குருணையும் இன்னொன்றில் தண்ணீரும் இருக்கின்றன. தோத்தாத்ரி காலையில் அவற்றை மாற்றி வைத்துவிட்டுத்தான் காபி குடிக்கிறார்.