கழுவிக் கவிழ்த்த பாட்டில்

காலையில் குப்பைக் கூடையில் போட்ட ஜாம் பாட்டில், சாயங்காலம் அவள் மருந்துக்கடை வேலை முடிந்து திரும்பியபோது, ஒட்டியிருந்த தாளும் பசையும் போய், கழுவித் துடைத்து அடுப்பு மேடையில் தலைகீழாகக் கவிழ்ந்திருந்தது. போன வாரம் எண்ணெய் டப்பா. அதற்கு முன் பால் கவர்கள், துணி போலக் கொடியில் கிளிப் மாட்டிக் காய்ந்தன.

கணவர் எலக்ட்ரீஷியன். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்து போவார். கேட்டதற்கு, முகத்தைப் பார்க்காமலே "நான் இல்லம்மா" என்றார். வீட்டில் மூன்றாவது ஆள் கிடையாது.

போனில் அக்காவிடம் சொன்னாள். அக்காவுக்கு எல்லாமே விளையாட்டு. "மூத்தாள்தான் வந்து கழுவுறா போல. சாப்பிட்ட தட்டையும் போட்டு வை, சேத்துக் கழுவிட்டுப் போகட்டும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இறந்துபோன மூத்தாளின் இடத்துக்கு இரண்டாந்தாரமாகக் கலியாணமாகி வந்த நாளிலிருந்தே அடுப்படியில் யாரோ தோளுக்குப் பின்னால் நிற்பது போலத்தான் இருந்தது. கதவுக்குப் பின்னால் மூத்தாள் பழைய சட்டையில் தைத்த பைகள் தொங்கின. காய் கழுவிய தண்ணீரைப் பிடிக்கச் சிங்க்குக்கு அடியில் வாளி இருந்தது. அந்த வீட்டுக் குப்பைக் கூடை நிறைந்து பார்த்ததே இல்லை என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொன்னார்கள். ஒரு காகிதத்தைக் கசக்கிப் போடவும் அவளுக்குக் கை கூசியது. எதையும் கழிக்காத இந்த வீடு தன்னை மட்டும் கழித்துவிடுமோ என்ற பயத்தில், கொண்டு வந்த பெட்டியைக்கூட அவள் இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீசரைத் துடைத்தபோது அடியில் உறைபனி மூடிய டப்பா ஒன்று கிடைத்தது. உள்ளே கேரட் நுனி, வெங்காயத் தோல், கொத்தமல்லிக் காம்பு. மூத்தாள் காய்த் தோலை எறியமாட்டாள், சேர்த்து வைத்து வேகவிட்டு சூப்புக்கு எடுப்பாள் என்று அவர் ஒருமுறை சொன்னது நினைவு வந்தது. சரி, நானும் இந்த வீட்டுக்காரிதான் என்று காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். கொதிக்கவிட்டு, வடிகட்டி, மிளகு தட்டிப் போட்டுக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தாள்.

முதல் வாயிலேயே அவர் கரண்டியை வைத்துவிட்டார்.

"இது எதுல வச்ச?"

"ஃப்ரீசர்ல ஒரு டப்பா இருந்ததுங்க..."

அவர் எழுந்து போய்க் காலி டப்பாவைக் கையில் எடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலையில் மூத்தாள் நறுக்கியது அது என்றார். வந்து பார்த்துக்கறேன் என்று வைத்துவிட்டுப் போனவள் வரவில்லை. எறியவும் முடியாமல், சமைக்கவும் மனம் வராமல், கரண்டு போன நாட்களில் ஐஸ் வாங்கி வந்து காப்பாற்றியிருக்கிறார்.

இதோடு தீர்ந்தது, பெட்டியைப் பிரிக்காததும் நல்லதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

அவர் டப்பாவோடு திரும்பி வந்து உட்கார்ந்தார். "பாட்டிலெல்லாம் நான்தாம்மா கழுவுறேன். பொய் சொல்லிட்டேன். நீ எறியறப்பல்லாம் அவ என்னைப் பாக்குற மாதிரியே இருக்கு."

"எனக்கும்தாங்க," என்றாள் அவள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு கிண்ணத்தை அருகில் இழுத்து, ஆறிப்போனதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். "உப்பு கொஞ்சம் கூட. அவளும் தூக்கலாத்தான் போடுவா," என்றவர், தட்டில் கிடந்த எலுமிச்சைத் தோலை டப்பாவில் போட்டு அவளிடம் நீட்டினார்.

அந்த வாரம் அவர் வெளியூர் வேலைக்குப் போனார். கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, அவள் பெட்டியைப் பிரித்துப் புடவைகளை அலமாரியில் அடுக்கினாள். தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனவள் வாசலிலேயே நின்றாள்.

காலையில் கூடையில் போட்ட தேன் பாட்டில் மேடையில் கவிழ்ந்திருந்தது. விளிம்பிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

மெல்லக் குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். இரண்டும் ஈரமாக இருந்தன. நகத்துக்கு அடியில் லேபிள் தாளின் துணுக்கு.

எப்போது கழுவினாள் என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் நிற்பதாக இப்போது தோன்றவில்லை.