தீர்க்கப்பட்ட புகார்

நகராட்சியின் புகார்ச் செயலி ஒரு விஷயத்தில் ரொம்பக் கெட்டி. குறை தீர்ந்ததோ இல்லையோ, புகார் தீர்ந்துவிடும். பத்து நாளுக்குள் ஒரு பச்சை டிக் வந்து விழும்; வேலை முடிந்ததற்குச் சாட்சியாகக் கீழே ஒரு படமும் இருக்கும். நம்மில் பாதிப் பேர் அந்த டிக்கைப் பார்த்த திருப்தியிலேயே பழைய குழியைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டோம். அவள் அந்த ரகம் இல்லை. கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருஷமாக லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் தலைவலி யாருக்கு வரும் என்று தெரிந்தவள்.

அவள் கொடுத்த புகார் வார்டு அலுவலக வாசலைப் பற்றியது. அங்கே சக்கர நாற்காலி ஏறுவதற்காகப் போட்ட சாய்தளம் எட்டு மாதமாக நடுவில் உடைந்து பள்ளமாகக் கிடந்தது. அவளுடைய கணவருக்கு ஒரு விபத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் தெருச் சங்கத்தின் செயலாளராக இருந்தவர். தெரு இன்னும் அவரைச் செயலாளர் என்றுதான் கூப்பிடுகிறது. அப்போதெல்லாம் மாதாந்திர வார்டுக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றாலே அதிகாரிகள் எதற்கும் இருக்கட்டும் என்று ஃபைலைப் புரட்ட ஆரம்பிப்பார்கள்.

விபத்துக்குப் பிறகு ஒரே ஒரு முறை போனார். சக்கரம் பள்ளத்தில் சிக்கிக்கொண்டது. நாலு பேர் நல்ல மனசோடுதான் ஓடிவந்தார்கள். கேட்காமல் கொள்ளாமல் நாற்காலியோடு அவரைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். அன்று கூட்டத்தில் அவர் வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, "நான் என்ன மூட்டையா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதோடு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

பேசிப் பழகிய வாய் சும்மா இருக்குமா? எல்லாம் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் வந்து இறங்கியது. காலை ஆறு மணிக்குக் குப்பை வண்டி, ஏழு மணிக்குத் தெருவிளக்கு, எட்டு மணிக்குள் மேயரே வந்து பதில் சொல்ல வேண்டிய ஏதாவது ஒன்று. ஒரு நாளைக்கு நாற்பது செய்தி. பலர் சத்தம் வராதபடி குழுவை அடைத்து வைத்துவிட்டார்கள். அவளும்தான் அடைத்து வைத்திருந்தாள். அதை அவரிடம் சொல்லவில்லை. மதியம் கடையில் உட்கார்ந்து, படிக்காத செய்திகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதைப் பார்க்கும்போது அவளுக்கு எரிச்சலும் அழுகையும் ஒன்றாக வரும். சபையில் பேசிய மனுஷன் யாரும் பார்க்காத திரைக்குள் கத்திக்கொண்டிருக்கிறாரே என்று இருக்கும். அவரை மறுபடியும் அந்த வாசலுக்குள் அனுப்பிவிட வேண்டும், அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

பத்தாம் நாள் பச்சை டிக் வந்தது. படத்தில் வழவழவென்று ஒரு புதுச் சாய்தளம். அவள் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். சிமென்ட்டின் இடது ஓரத்தில் வரிசையாகப் பூனைக் கால்தடம். அது வார்டு அலுவலகம் இல்லை, அவள் வீட்டு வாசல். போன வருஷம், கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் முடித்தாக வேண்டும் என்று லீவு போட்டு, கொழுந்தன் தன் கையால் சிமென்ட் குழைத்துப் போட்டது. காய்வதற்குள் பக்கத்து வீட்டுப் பூனை அதன்மேல் நடந்துவிட்டது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொன்னவளே அவள்தான்.

கொழுந்தன் நகராட்சியில் பணி மேற்பார்வையாளன். வார்டு அலுவலகமும் அவன் பொறுப்பில்தான் இருந்தது.

படத்துக்குக் கீழே செயலி கேட்டது: குறை தீர்ந்ததா, ஆம் அல்லது இல்லை? மூன்று நாள் பதில் சொல்லாவிட்டால் 'ஆம்' என்றே எடுத்துக்கொள்ளும் தாராள மனசு அதற்கு. 'இல்லை' என்றால் அந்த இடத்தை அன்றைக்கே எடுத்த படம் ஒன்றைச் சேர்க்க வேண்டும். விஷயம் நேரே மேலதிகாரியிடம் போகும். பொய்ப் படம் போட்டவனுக்கு வேலையே போகலாம். கொழுந்தனுக்கு இரண்டும் சின்னப் பெண்கள். அவள் கல்யாணமாகி வந்தபோது அவனே பள்ளிச் சீருடையில் நின்றவன். இரண்டு நாள் அவள் ஆம், இல்லை எதையும் அழுத்தவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவனை வரச் சொன்னாள். படத்தைத் திறந்து ஃபோனை நீட்டினாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணி, சத்தியமா அது உங்க புகார்னு எனக்குத் தெரியாது. ஆப்ல நம்பர் மட்டும்தான் வரும்."

"தெரிஞ்சிருந்தா? வேற யார் வீட்டுப் படத்தையாவது போட்டிருப்பியா?"

அவன் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தான். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னான். ஐந்து மாதமாகச் சிமென்ட்டே ஒதுக்கவில்லை. பத்து நாள் தாண்டும் புகார் ஒவ்வொன்றுக்கும் அவன் பெயருக்கு நேராகச் சிவப்புக் குறி விழும். எழுதிக் கேட்டால், முதலில் புகாரை மூடு, பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். படம் வேண்டும் என்றபோது அவன் ஃபோனில் இருந்தது அந்த ஒன்றுதான்.

"நான் போட்டதுலயே ஒழுங்கா போட்டது அது ஒண்ணுதான் அண்ணி," என்றான்.

திட்டுவதற்கென்று இரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அவளுக்கு அந்த நிமிஷம் மறந்துபோயிற்று. அவன் மேல் கோபம் போகவில்லை. ஆனால் பாவமாக இருந்தது.

உள்ளே தூங்குகிறார் என்று நினைத்திருந்த செயலாளர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ஃபோனை வாங்கிப் படத்தை வெகுநேரம் பார்த்தார். இந்த மாதிரிப் படங்களைக் கூட்டத்தில் நார்நாராகக் கிழித்தவர் அவர். தம்பி தலை நிமிரவே இல்லை. ஆனால் அவர் கேட்டதெல்லாம், சிமென்ட் கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பிரதி இருக்கிறதா என்பதுதான். ஆறு கடிதங்கள் இருந்தன.

"எடுத்துட்டு வா. இன்னைக்குக் கூட்டம் இருக்கு. நான் பேசறேன்."

பத்தரை மணிக்கு மூன்று பேரும் வார்டு அலுவலக வாசலில் இருந்தார்கள். பள்ளம் அப்படியே இருந்தது. நாற்காலியைத் தூக்க ஓடிவந்த வாட்ச்மேனைச் செயலாளர் கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"டேய், முதுகைக் காட்டு."

இந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரும் என்று அவள் கனவில்கூட நினைத்ததில்லை. கொழுந்தன் மண்டியிட்டு, அண்ணனின் கைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, கால்களை இறுக அணைத்து எழுந்தான். உடைந்த சிமென்ட்டில் பார்த்துப் பார்த்து அடி வைத்தான். வெறும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாட்ச்மேன் பின்னால் நின்றார். கூட்டத்துக்கு வந்தவர்கள் வாசலில் திரண்டுவிட்டார்கள். செயலாளர் யாரையும் தவிர்க்காமல் எல்லார் முகத்தையும் நேராகப் பார்த்தார்.

"ஃபோட்டோ எடு," என்றார் அவளிடம். "இன்னைக்கு எடுத்த படம்தானே கேக்குது."

'இல்லை'யை அழுத்திவிட்டு அவள் ஃபோனைத் தூக்கினாள். கண்ணில் நீர் முட்டித் திரை கலங்கலாகத் தெரிந்தது. பள்ளமும் கணவரும் மட்டும் விழுகிற மாதிரி ஃபோனைச் சற்றே நகர்த்தினாள். கொழுந்தன் முகம் ஓரத்தில் வெட்டுப்பட்டது. தூக்கிக்கொண்டு நிற்பது வேறு யாரோ என்று மேலதிகாரி நினைத்துக்கொள்ளட்டும்.

அவன் அதைக் கவனித்துவிட்டான். மூச்சு வாங்க, பள்ளத்தின் நடுவிலேயே நின்றான்.

"என் மூஞ்சியும் தெரியற மாதிரி எடுங்க அண்ணி," என்றான்.