ஃபேன் சுத்துதுல்ல?

என் அண்ணனுக்குத் தெரியாத வேலை எதுவும் கிடையாது. அப்படி அவனே சொல்லிக்கொள்வான், அப்பா தலையாட்டுவார். இருபத்திரண்டு வருடப் பழைய எங்கள் காரில் ரேடியேட்டர் ஃபேன் மோட்டார் எரிந்துபோனபோதும், மெக்கானிக் எதற்கு என்று பழைய சாமான் கடையில் ஒரு மோட்டாரை வாங்கிவந்து அவனே மாட்டினான்.

அன்றிலிருந்து வண்டி கொதிக்கிறது. வாரம் மூன்று நாள் அப்பாவை டயாலிசிஸுக்கு நான்தான் அழைத்துப் போகிறேன். ஓடும்வரை சூடு காட்டும் முள் ஒழுங்காக நடுவில் நிற்கும். சிக்னலில் நின்றால் சிவப்புக்கு ஏறிவிடும். தெர்மோஸ்டாட் மாற்றினேன், கூலன்ட் மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை.

"ஃபேன் சுத்துதுல்ல? அப்புறம் என்ன? நீ கியரையே மாத்தாம இழுத்து ஓட்டுற. நான் ஓட்டும்போது சூடாகுதா?" என்பான் அண்ணன். அவன் ஓட்டுவது ஞாயிற்றுக்கிழமை, காலியான ரோட்டில். அப்பாவும், "அவன் சொல்றத கொஞ்சம் கேளேம்மா" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வாரம் அவன் வண்டியை விற்க ஆளே பார்த்துவிட்டான்.

"அப்பா எதுல போவாரு?"

"பஸ் இருக்கே."

டயாலிசிஸ் முடிந்து வரும் மனிதர் பத்தடி நடக்கவே சுவரைப் பிடிப்பார். ஒருநாளாவது கூட வந்திருந்தால்தானே அவனுக்குத் தெரியும்.

இன்று காலை பாலத்துக்கு முன்னால் நெரிசலில் மாட்டினோம். முள் சிவப்பில். ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, ஆஸ்பத்திரிச் சீட்டும் கையுமாக வண்டிக்கு முன்னால் குனிந்தேன். ஃபேன் ஹோவென்று சுற்றியது. சுடச்சுடக் காற்று முகத்தில் அடித்தது. சீட்டு பறந்துபோய் ரோட்டில் விழுந்தது.

பொறுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுக்க வேண்டும். இது வெளியே தள்ளுகிறது. படுபாவி, வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறான்!

வண்டி ஆறி, ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒரு மணி நேரம் தாமதம். நான்கு மணி நேரம் ஓட வேண்டிய மெஷினை மூன்றிலேயே கழற்றிவிட்டார்கள். அடுத்தவர் காத்திருந்தார். அப்பா கால் வீக்கம் வற்றாமலே திரும்பினார்.

வீட்டு வாசலில் அண்ணன் துணியோடு நின்றான். வண்டியைத் துடைத்து வைக்க வேண்டுமாம், சாயங்காலம் ஆள் வருகிறாராம். நான் இன்ஜினை அணைக்காமல் இறங்கி, ஃபேன் சுற்றும்போது ஒரு காகிதத்தை ரேடியேட்டர் முன்னால் பிடித்து விட்டேன். அது அவன் சட்டையில் போய் அப்பிக்கொண்டது.

"இது ரேடியேட்டர்ல ஒட்டணும், உன் மேல இல்ல. எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாத்தியா?"

"ரெண்டு வயரும் ஒரே கலரு. ஏதோ ஒண்ணோட ஒண்ண சேத்தேன். சுத்துச்சு..."

"நாலு மாசமா எனக்கு ஓட்டத் தெரியலன்னு சொன்னியே! அப்பா கால பாரு!"

இன்ஜினை அணைத்து, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, அவன் சுற்றிய டேப்பைப் பிய்த்து இரண்டு வயரையும் இடம் மாற்றினேன். பத்து நிமிட வேலை. மறுபடி ஓடவிட்டதும் காகிதம் ரேடியேட்டரில் ஒட்டிக்கொண்டது. முள் மெல்ல நடுவுக்கு இறங்கியது.

"அதான் சரியாயிடுச்சே. இப்ப நல்ல வண்டின்னே சொல்லி வித்துடலாம்," என்றான் அண்ணன்.

அவன் கையிலிருந்த துணியைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன்.

"அந்த ஆளுக்கு போன் பண்ணி வரவேணாம்னு சொல்லுடா," என்றார் அப்பா, பின்சீட்டிலிருந்து. பிறகு என்னைப் பார்த்தார். "நானும் உன்னத்தானேம்மா குறை சொன்னேன்."

"ஆமாப்பா, சொன்னீங்க."

பரவாயில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. கதவைத் திறந்து, வீங்கிய கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே வைத்தேன்.