அறுபத்தாறா, தொண்ணூற்றொன்பதா

“வெளிச்சத்துல பிடி. முன்னாடி என்ன இருக்குன்னு எனக்கே தெரியும். பின்னாடி பாரு” என்றான் அண்ணன்.

தங்கை ஜன்னலோரம் போய் நின்று பொத்தானைக் குப்புறத் திருப்பினாள். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய பித்தளை. ஓரத்தில் பச்சையாகக் களிம்பு. அண்ணன் படுத்த படுக்கையாகி ஐந்து நாள் ஆகிறது. மூன்று நாளாக லென்ஸைக்கூடக் கையில் பிடிக்க முடியவில்லை. நுரையீரலுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அவன் முதலில் கேட்டது இந்தப் பொத்தானைத்தான்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தவனுக்கு ஞாயிற்றுக்கிழமையானால் பழைய சாமான் சந்தையில்தான் பொழுது விடியும். அங்கே மலைமலையாக எது குவிந்து கிடந்தாலும், பழங்காலப் படைவீரர்களின் சட்டைப் பொத்தான்கள் மட்டுமே அவன் கண்ணில் படும். பின்பக்கத்தில் நூல் கோக்கும் காதைப் பார்த்து வயதைச் சொல்வான். ஒட்டியிருக்கும் முலாமைப் பார்த்து அதிகாரியா சிப்பாயா என்று சொல்வான். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், “வீட்டுல இடமில்ல” என்பான்.

தங்கைக்கு இதில் ஒட்டுதலே கிடையாது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பட்டன் தைக்கும் பிரிவுக்கு அவள்தான் மேற்பார்வை. நாளெல்லாம் பட்டனோடு மாரடித்துவிட்டு வருபவளிடம் இன்னொரு பட்டனை நீட்டினால் எப்படி இருக்கும்?

ஆனால் இந்த ஒன்றைப் பற்றி அவளுக்கும் தெரியும். முன்பக்கத்தில் கயிறு முறுக்கியதுபோல ஒரு வளையம், நடுவில் படைப்பிரிவின் எண். மகுடமோ எழுத்தோ எதுவும் கிடையாது. ஒரு விதமாகப் பிடித்தால் அறுபத்தாறு, தலைகீழாகப் பிடித்தால் தொண்ணூற்றொன்பது. அறுபத்தாறு என்றான் அண்ணன். அவனுக்கு இருந்த ஒரே கூட்டாளியான மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தொண்ணூற்றொன்பது என்றார். பேச்சு தடித்துப்போய், “ஊருக்கே கண்ணாடி மாட்டிவிடுற, உனக்கு ஆறுக்கும் ஒம்பதுக்கும் வித்தியாசம் தெரியல” என்று வாடிக்கையாளர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டு வந்துவிட்டான். இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

“எழுத்து ஏதாவது இருக்கா?”

“ஒண்ணும் இல்ல. மொழுக்குன்னு இருக்கு.”

“காது?”

“கம்பி வளையம். நல்லா ஒட்டியிருக்கு.”

“நான் பாத்ததையே திருப்பிச் சொல்லாத. புதுசா ஏதாவது சொல்லு.” மூச்சு இழுத்து இழுத்து வந்தபோதும் அதட்டல் மட்டும் குறையவில்லை.

அவளுக்குச் சுருக்கென்றது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டாள். வளையத்துக்கு இரண்டு கால்கள். ஒன்று உருண்டையாக, முழுதாக இருந்தது. மற்றதன் உட்பக்கம் நூல் உரசி உரசிப் பள்ளம் விழுந்து மெலிந்திருந்தது. பட்டன் மாற்றித் தரச் சொல்லித் தொழிற்சாலைக்குத் திரும்பி வரும் பழைய கோட்டுகளில் இதை எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! கனமான பட்டன் தன் எடையில் கீழே தொங்கும். நூல் அதன் மேற்காலில்தான் உரசும்.

“அண்ணா, ஒரு கால் மட்டும் தேஞ்சிருக்கு! எது மேல்பக்கம்னு கண்டுபிடிச்சிடலாம்!”

தேய்ந்த காலை மேலே வைத்துப் பிடித்து, பொத்தானை மெல்லப் பக்கவாட்டில் திருப்பினாள். எண் நிமிர்ந்து நின்றது. சொல்லுவதற்காகத் திரும்பினாள்.

அண்ணனின் வாய் லேசாகத் திறந்திருந்தது, இன்னொரு கேள்வி கேட்கப்போகிறவன்போல. மார்பு அசையவில்லை. பொத்தானை எங்கே வைப்பதென்று தெரியாமல் அதை மூடிய கையோடேயே அவன் நெற்றியைத் தொட்டாள்.

பத்து மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. வந்ததும் வராததுமாகப் பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்ட சித்தி, “இன்னும் யாருக்குச் சொல்லணும்?” என்று கேட்டாள். தங்கை அண்ணனின் கைபேசியில் கண்ணாடிக் கடைக்காரரின் எண்ணைத் தேடினாள். பெயரைப் போட்டாள், இல்லை. கடை என்று போட்டாள், இல்லை. முழுப் பட்டியலையும் தள்ளிக்கொண்டே போனதில் ‘தொண்ணூத்தொம்பது’ என்று ஒன்று அகப்பட்டது. அந்த நேரம் பார்த்துச் சிரிப்பு வந்து தொலைத்தது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்குவதைப் பார்த்த சித்தி, “அழுதுடும்மா, அழுதாத்தான் ஆறும்” என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அரை மணியில் அவர் வந்துவிட்டார். கடைச் சாவிக்கொத்து கையிலேயே இருந்தது. அண்ணனின் காலடியில் நின்றார், நின்றுகொண்டே இருந்தார். பிறகு தங்கையிடம் வந்து, வேறு என்ன கேட்பதென்று தெரியாதவராக, “அந்தப் பட்டன் இருக்காம்மா?” என்றார்.

அவள் மூடியிருந்த கையைத் திறந்தாள். உள்ளங்கையில் கயிற்று வளையம் அச்சாகப் பதிந்திருந்தது. கண்டுபிடித்ததைச் சொன்னாள். அவர் பொத்தானை ஜன்னலுக்குக் கொண்டுபோய்த் தேய்ந்த காலைப் பார்த்தார், திருப்பினார், மறுபடி காலைப் பார்த்தார்.

“தொண்ணூத்தொம்பதுதான் சார். நீங்க சொன்னதுதான் சரி.”

“அவசரப்படாதம்மா” என்றார் அவர். “இத மட்டும் வச்சு எப்படிச் சொல்றது? பின்னால எவனாவது வேற கோட்டுல தலைகீழாத் தச்சுப் போட்டிருந்தா?”

“அப்படின்னா ரெண்டு காலும் தேஞ்சிருக்குமே.”

“முதல்லயே தலைகீழாத் தச்சிருந்தா? தையல்காரனுக்கு அது ஆறா ஒம்பதான்னு என்ன தெரியும்?”

“ஒரு கோட்டுக்கு எட்டு பட்டன். பக்கத்துல இருக்கறதப் பாத்துத்தான தைப்பான்?”

“எட்டுமே தலைகீழா இருந்தா?”

“அப்ப அந்தப் படையே தலைகீழா நின்னிருக்கணும்!”

“என்ன ரெண்டு பேரும்! சாவு வீட்டுல சண்டையா?” என்று சித்தி கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள். இருவரும் கப்சிப் என்று அடங்கினார்கள்.

அவர் தணிந்த குரலில் கேட்டார். “அவன்கிட்ட சொன்னியாம்மா?”

“ஒரு கால் தேஞ்சிருக்குன்னு சொன்னேன். எந்தப் பக்கம்னு சொல்றதுக்குள்ள…”

“அது வரைக்குமாவது காதுல விழுந்துச்சா?”

“தெரியல சார்.”

அவர் பொத்தானை அவளிடமே கொடுத்துவிட்டார். வெளியே வண்டி வந்து நின்றது. தூக்க ஆள் கூப்பிட்டபோது முதல் ஆளாகப் போய்த் தலைமாட்டைப் பிடித்தார்.

மறுநாள் காலை, கடை திறக்க வேண்டிய நேரத்தில் அவர் அவள் வீட்டு வாசலில் நின்றார். ஒரு முழத் துணியில் கனத்த பித்தளைப் பட்டன் ஒன்றைத் தைத்துக் கொண்டுவந்திருந்தார். நூல் எங்கெங்கோ ஓடிச் சிக்கிக் கிடந்தது. விரல் நுனிகளில் ஊசி குத்திய சிவப்பு.

“தொங்கவிட்டு ஆட்டிப் பாத்தேன்மா. கீழ்ப்பக்கமும் உரசத்தான் செய்யுது. நீயே பாரேன்.”

அவள் வாங்கிப் பார்த்தாள். “இப்படி இழுத்துக் கட்டினா எல்லாப் பக்கமும்தான் உரசும். உள்ள வாங்க” என்றாள்.

கத்தரிக்கோலால் அவர் போட்ட முடிச்சையெல்லாம் வெட்டி எறிந்தாள். அவர் நூலையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஊசியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். மூன்று தடவை நூல் காதில் நுழையாமல் விலகிப் போயிற்று. அவள் துணியை மடியில் விரித்துப் பிடித்தபடி காத்திருந்தாள்.