ஆடாமல் வாசி

ஜஹனாராவுக்கு அன்று காலையிலிருந்தே கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. சாதாரண நாளிலேயே நிற்காத கால் அது. சதுரங்கப்பட்டினத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு அவள் கைக்கு வந்து வருஷம்கூட ஆகவில்லை, வேலையோ தற்காலிகம். அன்று செங்கல்பட்டிலிருந்து வருகிற இன்ஸ்பெக்டர் பிள்ளைகளை வாசிக்கச் சொல்வார். திருப்தி என்றால் வேலை நிலைக்கும், இல்லையென்றால் வீடுதான். அவளுடைய அத்தா அப்துல் சுபஹான் அதை அப்போதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெண்ணை வேலைக்கு அனுப்பியதற்கு ஊர் பேசுவதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன மனுஷர், இன்ஸ்பெக்டரின் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார். அவளுக்கோ நாலு சுவருக்குள் உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே மூச்சு முட்டியது.

வேலை தெரியாதவள் என்று யாரும் சொல்ல முடியாது. அவள் வந்தபோது பிள்ளைகள் அரிசியில் கல் பொறுக்குவதுபோல எழுத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. 'வ' என்று ஒரு நிறுத்தம், 'ண்' என்று ஒரு நிறுத்தம். 'டி' வந்து சேர்வதற்குள் வண்டி திருக்கழுக்குன்றமே போய்விடும். ஜஹனாரா சின்ன வயதில் குர்ஆன் ஓதப் போன இடத்தில் பிள்ளைகள் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டேதான் ஓதும். அதையே இங்கும் கொண்டுவந்தாள். அவள் ஒரு வரி வாசிப்பாள், பிள்ளைகள் பின்னாலேயே வாசிக்கும். பேச்சுப்போல வரும்வரை திரும்பத் திரும்ப அதே வரி. ஒரு ஆட்டத்துக்கு ஒரு சொல் என்று தொடங்கி, ஒரு ஆட்டத்துக்கு ஒரு வரி என்று வந்துவிட்டது. தன் பிள்ளைகள் ஒருநாளும் ஆடாமல் வாசித்ததில்லை என்பது மட்டும் அவளுக்கு உறைக்கவே இல்லை. அவளும் அப்படித்தானே வளர்ந்தாள்.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்ததும் வகுப்பு மொத்தமும் புத்தகத்தைத் திறந்து ஆட ஆரம்பித்தது. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். இது பள்ளிக்கூடமா ஊஞ்சலா என்று சிரிக்காமல் கேட்டார். இவ்வளவு வேகமும் இவ்வளவு ஆட்டமும் இருந்தால் அது மனப்பாடம்தான் என்று அவருக்குத் தீர்மானமாகிவிட்டது. இன்னும் நடத்தாத கடைசிப் பாடத்தைத் திறந்து, முன்வரிசையில் இருந்த வேண்டாவை எழுப்பினார்.

"ஆடாம நின்னு வாசி" என்றார்.

வேண்டா, கடலைக்கொல்லையில் கூலிவேலை செய்யும் எல்லம்மாளின் மகள். தங்கச்சிப் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் தினமும் வருவாள். இல்லையென்றால் அவளுக்குப் படிப்பே இல்லை. இன்றைக்கு மட்டும் பாப்பா கூடாது என்று தலைமையாசிரியர் அருணகிரி சொல்லிவிட்டதால், எல்லம்மாள் வேலைக்குப் போகாமல் பாப்பாவோடு வெளியே நின்றிருந்தாள்.

வேண்டா முளையடித்த மாதிரி நின்றாள். விரலை முதல் சொல்லின் கீழ் வைத்தாள். "உ" என்றாள். வெகுநேரம் கழித்து "ப்" என்றாள். அதற்குமேல் விரல் நகரவில்லை. இன்ஸ்பெக்டர் குறிப்பெழுதப் பேனா மூடியைத் திருகித் திறந்தார். முந்தின நாள்வரை ஜஹனாராவைப் பாராட்டிய அருணகிரி இப்போது தரையைப் பார்த்தார். ஜஹனாராவுக்கு முதலில் அந்தப் பெண்மேல்தான் ஆத்திரம் வந்தது. மறுகணம் ஆடாமல் வாசிக்கப் பழக்காத தன்மேல் வந்தது, அது போகவே இல்லை.

அந்த நேரம் பார்த்து வெளியே பாப்பா வீறிட்டது. எல்லம்மாள் தோளில் போட்டுத் தட்டினாள், தூக்கிக் காட்டினாள், ஒன்றும் நடக்கவில்லை. வாசலில் வந்து தலையை நீட்டினாள்.

"எங்கிட்ட அடங்காது டீச்சர். அதுக்கு அவ அக்காதான் வோணும்."

ஜஹனாரா யாரையும் கேட்கவில்லை. விறுவிறுவென்று போய்ப் பாப்பாவை வாங்கி வந்து வேண்டாவின் இடுப்பில் வைத்தாள். "இப்போ படிடா கண்ணு" என்றாள்.

இடுப்பு தானாக அசைந்தது. அழுகை விசும்பலாக இறங்கியது. உப்பளத்து ஆட்களைப் பற்றிய பாடம் அது. முதல் வரியில் வேண்டா தடுக்கினாள். டீச்சர் பழக்கியபடி வரியின் தொடக்கத்துக்கே திரும்பிப்போய், இரண்டாம் தடவை ஒரே மூச்சில் வாசித்தாள். மழை வந்தால் உப்பளத்தில் வேலை இல்லை என்ற இடத்தில் குரல் தானாகத் தாழ்ந்தது. அது யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. பக்கத்தைத் திருப்பினாள். பாப்பாவின் தலை அவள் தோளில் சாய்ந்தது.

"போதும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

வேண்டா புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நிறுத்தனா பாப்பா முயிச்சிக்கும் சார்" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து வாசித்தாள்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். நாற்காலி சத்தம் போடாதபடி மெதுவாக உட்கார்ந்து, அருணகிரியைக் கிட்டே வரச்சொல்லிக் கிசுகிசுத்தார்.

"இந்தம்மாவே இருக்கட்டும்."

ஜஹனாராவின் காதில் அது விழுந்தது. வேண்டா வாசிக்கத் தொடங்கியதிலிருந்து, தானும் ஆடிவிடக் கூடாதென்று, மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தவள் கையை விட்டாள். கண் நிறைந்துவிட்டது. பாடம் முடிந்தது. பாப்பாவின் தூக்கம் இன்னும் ஆழமாகவில்லை என்று வேண்டாவுக்குப் பட்டிருக்க வேண்டும். பக்கத்தைப் பின்னால் திருப்பி முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினாள். அவளோடு ஜஹனாராவும் சேர்ந்து ஆடினாள்.